முதல் மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? ஒரு குடம் தண்ணீரோடு போங்கள்

பழைய மசில் கார், அதாவது பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்க வேகக் கார், பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது பானட்டைத் திறப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். உள்ளே 289 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், புது நீலப் பெயின்ட் மினுமினுக்க உட்கார்ந்திருந்தது, விற்பவர் சாவியைத் திருப்பினார், அந்த உறுமல் வந்தது, அதோடு என் புத்தி போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தரைக் கம்பளத்தைத் தூக்கினேன். ஓட்டுநர் காலடியில் இருந்தது ஃபோர்டு போட்ட தகரமே இல்லை. யாரோ ஒரு சாலை அறிவிப்புப் பலகையை அளவாக வெட்டி, ரிவெட் அடித்து, மேலே தாரைப் பூசி வைத்திருந்தார். கழற்றித் திருப்பினால் பச்சை நிறமும் பாதி எழுத்தும் அப்படியே இருந்தன.

நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகனில். குளிர்காலம் வந்தால் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுகிற ஊர். இங்கே இன்ஜின் போனால் வேறு இன்ஜின் கிடைக்கும், கியர் பாக்ஸ் போனால் அதுவும் கிடைக்கும், தகரம் போன வண்டிதான் பர்ஸைக் காலி செய்யும். அதனால் கீழே நான் சொல்லும் வரிசையும் அதுதான்: முதலில் தகரம், அடுத்து பிரேக், அப்புறம்தான் இன்ஜின், எல்லாம் முடிந்து பெயின்ட். பெரும்பாலான புது ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பளபளக்கிற கதவும் ஓட்டைத் தரையுமாக வண்டியைப் பாதி விலைக்கு விற்கிறார்கள்.

எந்த வண்டி

மஸ்டாங்கை மசில் கார் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவு காரில் பெரிய காரின் இன்ஜினைத் திணிப்பதுதான் மசில் கார், 1964-இல் பான்டியாக் நிறுவனம் தன் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல இன்ஜினை வைத்து ஜிடிஓ என்று விற்றதிலிருந்து கணக்கு தொடங்குகிறது, அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று அறிமுகமான மஸ்டாங் வெறும் 'போனி கார்', அதாவது சிறிய ஸ்போர்ட்ஸ் ரகக் கார், என்பது அவர்கள் வாதம். சரி, இருக்கட்டும். 1967 மாடலில் ஃபோர்டே இன்ஜின் அறையை அகலப்படுத்தி 390 இன்ஜினை உள்ளே இறக்கியதால், என் வீட்டு ஷெட்டில் அந்த வாதம் முடிந்துவிட்டது.

முதல் வண்டிக்கு நான் 1967, 68 மஸ்டாங்கைச் சொல்வதற்குக் காரணம் அழகு இல்லை, உதிரிபாகம். 1967 மாடலில் மட்டும் 4,72,121 வண்டிகள் செய்தார்கள், அதில் 3,56,271 சாதாரண ஹார்ட்டாப், அதாவது மடங்காத தகரக் கூரை போட்டவை. அதனால் கதவு ரப்பரிலிருந்து தரைத் தகரம்வரை எல்லாவற்றையும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், டைனாகார்ன் என்ற நிறுவனம், கூரை பின்னால் சரிவாக இறங்கும் 67 ஃபாஸ்ட்பேக்கின் முழு உடலையே புதிதாக அச்சடித்துத் தருகிறது. யாரிடமும் இல்லாத வண்டியாக வேண்டும் என்று அபூர்வமான ஒன்றை வாங்கினால், அதன் பின்விளக்குக் கண்ணாடி ஒன்றுக்காக வருடம் முழுக்கப் பழைய சாமான் சந்தைகளில் அலைவீர்கள். ஃபாஸ்ட்பேக்கும் மேல்கூரை மடங்கும் கன்வர்ட்டிபிளும் குறைவாகவே வந்தவை, விலை அதற்கேற்ப ஏறியிருக்கும். ஹார்ட்டாப் போதும். கற்றுக்கொள்ளும்போது வெட்டித் தப்பு செய்தாலும் மனசு தாங்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

போகும்போது ஒரு காந்தம், டார்ச், முழங்கால் போட்டு உட்கார ஒரு அட்டை, ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போங்கள். தண்ணீர் எதற்கு என்றால், முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், காற்று உள்ளே போவதற்கு வரிசையாகச் சிறு வெட்டுகள் இருக்கும். அதற்கடியில் இருக்கும் பெட்டிக்குள் காற்று போகும் துளைகளைச் சுற்றித் தொப்பி கவிழ்த்த மாதிரி தகர வளையம் எழும்பி நிற்கும், மழைநீர் அதைத் தாண்டி உள்ளே வராமல் ஓரமாக வடிந்து போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஐம்பது வருட இலைச் சருகு அங்கே மக்கிக் கிடந்தால் வளையத்தின் அடி துருப்பிடித்து உதிர்ந்துவிடும். மேலிருந்து மெதுவாகத் தண்ணீரை ஊற்றுங்கள், ஒருவரை உள்ளே உட்கார்ந்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். கம்பளத்தில் சொட்டுச் சத்தம் கேட்டால் தரையும் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விற்பவர் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து காந்தம். பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றி, பின்சக்கரத்துக்கு மேல் வளைவிலும் கதவுக்குக் கீழ் ஓரத்திலும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் அடியில் பட்டி. கொஞ்சம் பட்டி இல்லாத பழைய வண்டி கிடையாது, ஆனால் ஒரு சாண் அகலத்துக்குக் காந்தம் வழுக்கினால் அங்கே தகரமே இல்லாமல் இருக்கலாம். பானட்டுக்குள் பேட்டரிக்கு அடியிலுள்ள தட்டு, ஆசிட் பட்டு எப்போதும் அரித்திருக்கும். முன் ஸ்பிரிங் உட்காரும் உயரமான தகரக் கோபுரத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். டிக்கியையும் திறங்கள், இந்த வண்டியில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமே டிக்கியின் தரை. இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்புதான் சட்டகம், அதனால் அடியில் நீளமாக ஓடும் ரெயில்கள் துருவில் போயிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் எண். 1967 வண்டியின் அடையாள எண்ணில் முதல் எழுத்து 7, அது ஆண்டு. அடுத்தது ஆலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். அடுத்து 01 ஹார்ட்டாப், 02 ஃபாஸ்ட்பேக், 03 கன்வர்ட்டிபிள். அதற்கடுத்த எழுத்துதான் பணம்: டி (T) என்றால் ஆறு சிலிண்டர் 200, சி என்றால் இரட்டை வாய் கார்பரேட்டர் வைத்த 289, ஏ என்றால் நான்கு வாய் வைத்த 289, கே என்றால் 271 குதிரைத்திறன் 289, எஸ் என்றால் 390. கதவில் இருக்கும் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், கதவை மாற்றினால் தகடும் மாறிவிடும். இன்ஜின் அறையில் ஓட்டுநர் பக்க உள் தகரத்தில் அடித்திருக்கும் எண்ணும் உரிமைப் பத்திரத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குறுக்கு வழியும் உண்டு: ஆலையிலிருந்து வந்தபோது ஆறு சிலிண்டர் வண்டிச் சக்கரத்துக்கு நான்கு நட், வி8-க்கு ஐந்து. உள்ளே வி8 உறுமிக்கொண்டிருக்க, சக்கரத்தில் நான்கு நட் மட்டும் இருந்தால் யாரோ இன்ஜினை மட்டும் மாற்றி, ஆறு சிலிண்டருக்கான சிறிய பிரேக்கையும் ஆக்சிலையும் அப்படியே விட்டிருக்கிறார்.

பிரிப்பது

பிரிக்க ஒரு வார இறுதி போதும், கோக்கத்தான் வருடங்கள் ஆகும். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம், கழன்றதை ஜிப் பையில் போட்டு மேலே பேனாவால் 'இடது கதவு மேல் கீல், 3 போல்ட்' என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். 'கதவு' என்று மட்டும் எழுதிய பதினோரு பை என்னிடம் இருந்தது. பழைய பாகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் புதியது பொருந்திய பிறகுதான் தூக்கிப் போட வேண்டும், ஏனென்றால் புதிதாகச் செய்து வருவது எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தாது, அளவு எடுக்கப் பழையது வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான வேலை இதில் சில உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். முன் காயில் ஸ்பிரிங், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷனின் மேல் கரத்தின்மீது நசுங்கிய நிலையில் உட்கார்ந்திருக்கும், அதற்கான சரியான அமுக்கிக் கருவி இல்லாமல் அவிழ்த்தால் பீரங்கிக் குண்டு போலத் தெறிக்கும். அந்தக் காலத்துப் பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரமாகக் கழுவித் துடையுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது, சூட்டில் அது நச்சு வாயுவாக மாறும்.

தகரம்

இங்கேதான் மாதங்கள் கரையும். தரையை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்து இறுக்குங்கள், கன்வர்ட்டிபிள் என்றால் இது கட்டாயம். தரையை எடுத்ததும் உடல் ஒரு விரல் தொய்ந்தால் போதும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. ஒரு பக்கத்தை வெட்டி, புதியதை வைத்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, வெல்டிங் முடித்து, அதற்குப் பிறகுதான் அடுத்த பக்கம். அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெல்டிங் தெரியாதவர்கள் கம்பியைத் தானே ஊட்டும் ஒரு சிறிய மிக் வெல்டிங் மெஷின் வாங்கி, பழைய பானட் ஒன்றில் பழகுங்கள். மெல்லிய தகரத்தில் நீளமாகக் கோடு இழுத்தால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, அது ஆறும்வரை இன்னொரு மூலையில், இப்படித் தாவித் தாவி வைத்து இடைவெளிகளை நிரப்ப வேண்டும். முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் ஊற்றிப் பார்த்த அந்தப் பெட்டி ஓட்டையாக இருந்தால், உள்ளிருந்து ஒட்டும் பிளாஸ்டிக் வளையம் மலிவாகக் கிடைக்கும். வண்டியை முழுதாகப் பிரிக்காதவர்களுக்கு அது போதும். பிரித்தவர்கள் எக்கச்சக்கமான ஸ்பாட் வெல்டைத் துளைத்து மேல் தகரத்தைத் தூக்கி, வளையத்தை மாற்றி, திரும்ப மூட வேண்டும், முதுகு ஒடியும் வேலை. எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின.

இன்னொன்று. பெயின்ட் உரிக்க மணல் அடிக்கும் கடைக்குப் பானட்டைக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது நடுப்பகுதி அலை அலையாக இருந்தது. தட்டையான பெரிய தகரத்தில் அழுத்தமாக மணல் அடித்தால் அப்படித்தான் ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை, அந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. பானட், கூரை, டிக்கி மூடிக்கு ரசாயனம் பூசி உரிப்பதோ கையால் தேய்ப்பதோ போதும், மணலை மூலை முடுக்குக்கும் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தகரம் தெரிந்த அன்றே துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள், ஈரக் காற்றுள்ள நாளில் மறுநாள் காலையே செம்புழுதி பூத்துவிடும்.

பிரேக்

நிற்கத் தெரிந்த பிறகு ஓடக் கற்றுக்கொள்ளட்டும். 1966 வரை மஸ்டாங்கில், பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒற்றை அறைதான், ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 67-இல் இரட்டை அறை வந்துவிட்டது, அந்த மாடலைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ், சக்கரச் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், இதில் பழையதை மிச்சப்படுத்துவதில் அர்த்தமில்லை. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. டாட் 3 பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பிரேக் குழாய்களிலிருந்து காற்றை எடுக்கும்போது தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. நான்கு பக்கமும் டிரம் இருந்த வண்டி என்றால் முன்பக்கத்துக்கு டிஸ்க் மாற்றும் தொகுப்பு போடலாம், அசல் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் மழையில் அவரை ஓட்டச் சொல்லுங்கள்.

கூடவே டயரையும் பாருங்கள். பட்டன் முழுதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்து வருடம் தாண்டியது என்றால் அது வண்டியை ஷெட்டுக்குள் உருட்ட மட்டும்தான். அப்படி எண்ணே இல்லாவிட்டால் அதைவிடப் பழசு. 67-இல் சாதாரணமாக இடுப்புப் பெல்ட்தான் வந்தது, தோள் பெல்ட்டும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின்

பல வருடம் நின்ற இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றாதீர்கள். பிளக் எட்டையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துருவைத் தளர்த்தும் எண்ணெய் விட்டு, நாலைந்து நாள் ஊறட்டும். பிறகு கிராங்க் முன் போல்ட்டில் நீளமான ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் கம்ப்ரஷன் பாருங்கள், எட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பிரிக்காமலே ஓட்டலாம். ஓவர்ஹால் என்றால் சிலிண்டர் போர், கிராங்க் அளவு, ஹெட் வேலை மூன்றையும் நல்ல மெஷின் ஷாப்பிடம் விட்டுவிடுங்கள், கோக்கும் வேலையை நீங்கள் செய்யலாம். ஹெட் போல்ட்டை ஒரேயடியாக இறுக்காமல், நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், மூன்று சுற்றாக 65 முதல் 72 அடி-பவுண்டு வரை கொண்டுபோங்கள். ஹெட் கடையில் இருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினப்படுத்திய சீட் போடச் சொல்வது நல்லது: அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது, 1996 தொடக்கத்திலிருந்து அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலே கிடையாது.

புது ஆட்கள் அதிகம் இன்ஜினைக் கொல்வது முதல் ஸ்டார்ட்டில்தான். இதில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின்மேல் டேப்பெட் உருளாது, தட்டையாக உரசும். புது கேம் போட்டால் முதல் 20 முதல் 30 நிமிடம் 2,000 முதல் 2,500 சுற்றில் ஓட வேண்டும், ஐடிலில் விடவே கூடாது, ஏனென்றால் கிராங்க் தெறித்து அடிக்கும் ஆயில்தான் கேமுக்கு உயிர், மெதுவாக ஓடினால் அது போதாது. அதனால் சாவியைத் தொடும் முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும்: கார்பரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், டைமிங் கிட்டத்தட்ட சரி. டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும் முன் அந்த ஓட்டை வழியாகக் கால் அங்குல அறுகோணக் கம்பியை விட்டு, டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றுங்கள், 289-இல் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில். டிரில் திடீரென்று கனத்துக் கையைத் திருகும், அதுதான் பிரஷர் ஏறிய அடையாளம். ஆயில் வாங்கும்போது துத்தநாகம் கூடுதலாகச் சேர்த்தது என்று பார்த்து வாங்குங்கள், இன்றைய கார்களுக்கான ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள், தட்டை டேப்பெட்டுக்கு அது போதாது.

சிலிண்டர்களில் பொறி விழும் வெடிவரிசை 1-5-4-2-6-3-7-8. ஃபோர்டில் பயணி பக்கம் முன்னாலிருந்து 1, 2, 3, 4, ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8. செவர்லே வைத்திருக்கும் நண்பர் உதவிக்கு வந்தால் அவர் பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடுவார், கவனம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்முனைகளான பாயின்ட்டின் இடைவெளி 0.017 அங்குலம், பிளக் 0.034. இரட்டை வாய் 289-க்கு டைமிங், வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, 6 டிகிரி.

வயரிங் பற்றி ஒரே வார்த்தை: எர்த். விளக்கு மங்கல், மீட்டர் முள் ஆட்டம், ஸ்டார்ட்டர் முனகல் என்று எது வந்தாலும் முதலில் எர்த் வயர்களைக் கழற்றி, தகரம் மின்னும்வரை சுரண்டி மாட்டுங்கள். உறை உதிர்கிற ஹார்னஸ் என்றால் ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்றிவிடுங்கள்.

பெயின்ட்டை நானே அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லவும் மாட்டேன். தேய்த்துச் சமன் செய்யும் வேலைதான் அதில் பெரும்பங்கு, அதை நீங்கள் செய்து கூலியைக் குறைக்கலாம். ஆனால் அடிப்பதைப் பூத் வைத்திருப்பவரிடம் விடுங்கள். தேதியை மட்டும் அவர் சொல்வதைப்போல இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு

ஓட்டாமல் மூடி வைத்த வண்டிதான் சீக்கிரம் கெடும். கோடையில் வாரம் ஒரு முறையாவது இருபது மைல். வருடம் ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும், ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட் பிடிக்கும். ஆயில் மாற்றும்போதே பால் ஜாயின்ட், ஸ்டியரிங் மூட்டுகளுக்கு கிரீஸ் அடியுங்கள். பாயின்ட்டையும் அப்போதே பாருங்கள், அது தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் தள்ளிப்போகும். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைக் கரைத்துவிடும், எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றி, காலுக்கடியில் ஒரு தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதித் தருவதை எடுங்கள். சாதாரணப் பாலிசியில் இது வெறும் அறுபது வயதுப் பழைய கார்.

உப்புச் சாலை வரும் முன், நான் அக்டோபர் கடைசியில் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, ஆயில் மாற்றி, பேட்டரிக்குச் சிறு சார்ஜர் மாட்டி மூடிவிடுவேன். ஏர் ஃபில்டர் வாயிலும் சைலன்சர் வாயிலும் துணி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எலி குடும்பம் நடத்தும் (துணியை அடைத்ததை ஸ்டியரிங்கில் எழுதி ஒட்டுங்கள்). இடையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதை நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜின் முழுதாகச் சூடாகும் முன் அணைத்தால் உள்ளே தண்ணீர்தான் கோக்கும். ஏப்ரல் வரை தூங்கட்டும்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்குக் கொண்டு போக ஆசை வரும். வரத்தான் வேண்டும், 1995-இலிருந்து நடக்கிறது, வேறெங்கும் பார்க்க முடியாத கூட்டம். ஆனால் வெயிலில் ஆமை வேகத்தில் மணிக்கணக்காக ஊர வேண்டியிருக்கும், நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் சூடேறாத இன்ஜின் அங்கேதான் கொதிக்கும். அதற்கு முன்பே ஒரு மத்தியான நேரம் வீட்டு வாசலில் அரை மணி நேரம் ஐடிலில் விட்டுச் சூட்டு முள்ளைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கின்றனவா என்று அந்த வரிசையில் தேடுங்கள். டிக்கியில் ஒரு செட் பாயின்ட், கண்டென்சர், ஃபேன் பெல்ட், தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு கேலன் தண்ணீர். கொதிக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தூக்கிவிட்டு, ஆறும்வரை எதிரில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.